கீழச்சுவர்

அருஞ்சுனை என்பது குலசாமி பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு நரிக்குடிப் பக்கம் பிறந்ததே ஒரு கேலி. வருஷத்தில் எட்டு மாதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் சுனையாவது ஒன்றாவது. அதைவிடப் பெரிய கேலி, அவன் தண்ணீருக்குள் இறங்கித்தான் சம்பாதித்தான் என்பது. அந்தமானில் பதினோரு வருஷம், வெளியூர்க்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டிக் கூட்டிவருகிற வேலை. முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், மூஞ்சியில் கண்ணாடி. லீவுக்கு வரும்போதெல்லாம் நாங்கள் விடமாட்டோம். "என்னலே, மீனுக்கெல்லாம் இந்த வருசம் வெள்ளாமை எப்படி?" என்போம். அவனும் சிரிப்பான்.

நான் ஆனந்தகுமார். நரிக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இதை எழுதவேண்டிய ஆள் நான்தானா என்று பல நாள் யோசித்தேன். அன்றைக்கு அந்தக் கிணற்றுக் கரையில் நின்று, அவன் கேட்ட அதே வார்த்தையை நானும்தான் கேட்டேன். இப்போது ஊர் அவனை மட்டும் குற்றம் சொல்கிறது. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

அவன் தொழிலைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அந்தமானில் அவன் ஆட்களை இறக்குகிற பாறை ஒன்றே ஒன்றுதான். தினமும் அதே பாறை, அதே மீன். புதிதாக வருகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. புனேயிலிருந்து வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் ஒவ்வொரு ஜனவரிக்கும் வருவார்களாம். மூன்றாவது வருஷம் அந்த அம்மா, எல்லாம் பார்த்தாயிற்றே, இனிமேல் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். முதலாளி இவனைப் பார்த்தார். இவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

"மறுநாளு அவுகள எதுத்தாப்புல கொண்டுபோயி இறக்குனேன்லே," என்று டீக்கடையில் சொன்னான். "எப்பவும் வடக்க இருந்து இறங்குவோம். அன்னிக்குத் தெக்க. அதே பாறைதான், ஆனா வேற பாறை. பெறகு ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தக் காட்டி, இத விட்டு நகரக்கூடாது, இதுக்குள்ளயே பாருங்கன்னு சைகை பண்ணிட்டேன். அரை மணி நேரம். நகத்தளவு ஒரு குதிரை மீனு, பாறை நெறத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் அதத் தாண்டி ரெண்டாயிரம் தடவ போயிருக்கேன். பாத்ததே இல்ல. அந்தம்மா மேல வந்து அழுதுட்டாக."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். "தெரிஞ்ச எடம்னு நெனச்சுட்டா அன்னியோட கண்ணு அவிஞ்சு போயிரும்லே," என்பான். பழகிய இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்களை இவனிடம்தான் விடுவார்களாம். மாலை வெயிலில் ஒரு தரம் இறக்குவான். கேமராவைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒரு தரம் இறக்குவான். இப்படி ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருப்பான்.

வலது காது ஜவ்வு கிழிந்ததும் டாக்டர் இனிக் கடல் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு பழைய சிலிண்டரையும் குழாயையும் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். இங்கே அவனுக்கு இருந்தது தங்கச்சி முருகேஸ்வரி வீடு. அவள் புருஷன் பாண்டீஸ்வரனும் எங்களோடு படித்தவன்தான். நாலு ஏக்கர், மிளகாயும் பருத்தியும், நடுவில் கிணறு. அருஞ்சுனை மாப்பிள்ளையோடு சேர்ந்து காட்டு வேலை பார்த்தான். மாசம் ஒரு தரம் தூத்துக்குடி போய்ச் சங்கு குளிக்கிறவர்களிடம் சிலிண்டரில் காற்றைப் பிடித்துவந்து வீட்டு மூலையில் சாத்தி வைப்பான். எதற்கு என்று கேட்டால், சும்மா இருக்கட்டும் என்பான்.

அந்தக் கிணறு நாங்கள் மூன்று பேரும் நீச்சல் பழகிய கிணறு. சதுரக் கிணறு. மேலே கல்கட்டு, பாதிக்குமேல் இறங்கினால் சுக்கான் பாறை. மேலச்சுவரில் படி, அதை ஒட்டித்தான் மோட்டார். குதிப்பதும் ஏறுவதும் எல்லாம் அந்தப் பக்கம்தான். மற்ற சுவர்களுக்கு எங்களுக்கு வேலை கிடையாது. ஒருநாள் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நான்தான் வாயைக் கிளறினேன்.

"ஏலே, ஊருக்கெல்லாம் சொல்றியே. இந்தக் கிணத்துல ஒரு தடவ சிலிண்டர மாட்டி இறங்கிப் பாரேன். இங்கயும் குதிரை மீனு இருக்கப்போகுது."

"இதுல என்னலே இருக்கு? கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லுவேன், எந்தக் கல்லு எங்க இருக்குன்னு."

பாண்டீஸ்வரன் சிரித்தான். "மாப்ளைக்கு இது சலிச்சுப்போச்சு. கடலுக்குத்தான் புதுக் கண்ணு."

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்மாய் நிறைந்து மறுகால் போனது. கிணற்றில் தண்ணீர் நாளுக்கு இரண்டு முழம் ஏறியது. மோட்டாரை மேலே தூக்கி வைக்காவிட்டால் முங்கிப்போகும். காலையில் செயின் பிளாக்கோடு வாரேன் என்று பாண்டீஸ்வரனிடம் சொல்லியிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அவன் பொறுக்கவில்லை. பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்ற இறங்கிவிட்டான். மழையில் ஊறிய மேலச்சுவர், அவன் தலைக்கு மேலேயே நழுவ ஆரம்பித்திருக்கிறது.

நான் வண்டியை நிறுத்தும்போது கல் விழுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். கிணற்றுக்குள் ஒரே சேறாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மேலச்சுவரில் பாதியைக் காணோம், மோட்டாரைக் காணோம். முருகேஸ்வரி எதிர்க்கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கீழ போயிட்டாகண்ணே! தண்ணியில குதிச்சாக, நீந்துனாக, கீழ போயிட்டாக!" என்று காலுக்கு நேராகக் கையை நீட்டினாள்.

நான் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் ஓடி, அருஞ்சுனைக்குப் போன் போட்டேன். ஃபயர் சர்வீசுக்கும் போட்டேன். ஓடைத் தண்ணி ரோட்டை மறித்துக் கிடக்கிறது, சுற்றித்தான் வரவேண்டும் என்றார்கள். பத்து நிமிஷத்தில் அருஞ்சுனை டி.வி.எஸ். வண்டியில் சிலிண்டரோடு வந்தான். மாட்டிக்கொண்டே தங்கச்சியைப் பார்த்துக் கத்தினான்.

"எங்க தாயி பாத்த?"

"கீழண்ணே, கீழ! என் கண்ணால பாத்தேன்!"

இடுப்பில் கயிற்றைக் கட்டி நுனியை என்னிடம் கொடுத்தான். படி பாதி இடிந்து கிடந்தது. இருந்தாலும் அந்தப் பக்கம் போய்த்தான் குதித்தான். நேராக அடிக்குப் போனான். கயிறு என் கையில் சரசரவென்று ஓடியது.

பத்து நிமிஷம் இருக்கும். தலை வெளியே வந்தது. வாய்க்குழாயைத் துப்பிவிட்டு ஒரு கத்துக் கத்தினான்.

"உசுரோட இருக்கான்லே! தட்டுறான்! ஸ்பேனரால கல்லுல தட்டுறான்!"

பக்கத்துக் காட்டுக்காரர்கள் அதற்குள் வந்திருந்தார்கள். எல்லோரும் ஓவென்று சத்தம் போட்டோம். முருகேஸ்வரி கையைக் கூப்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தட்டுகிறான் என்றால் மூச்சு விடுகிறான். எங்கோ காற்று இருக்கிறது.

"எங்கலே இருக்கான்?" என்றேன்.

"தெரியலலே. தண்ணிக்குள்ள சத்தத்துக்குத் திசை கெடையாது. எல்லாப் பக்கமும் கேக்குது. கல்லுக் குவியலுக்கு அடியில இடுக்குக்குள்ள மாட்டியிருக்கணும்."

"கீழ பாத்தியாண்ணே?" என்றாள் முருகேஸ்வரி.

"கீழதான் தாயி பாக்குறேன்!"

மறுபடி போனான். இந்தத் தடவை என்ன செய்தான் என்று பிறகு ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறான். அடியில் கண்ணுக்கு முன்னால் விரலைக் காட்டினால் தெரியாது. சரிந்த கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறான். முதல் தடவை ஏழேழு தட்டாகக் கேட்டதாம். இப்போது மூன்று தட்டு, நிறுத்தம், மறுபடி மூன்று. இவன் பதிலுக்குக் கல்லால் சிலிண்டரில் தட்டினான். உடனே அந்தப் பக்கமிருந்து வேகவேகமாகத் தட்டுகிற சத்தம் வந்தது. மாப்ள, வந்துட்டேன், இந்தா வந்துட்டேன் என்று குழாயைக் கவ்விக்கொண்டே கத்தினானாம். கத்திக்கொண்டே இன்னும் அடியில் தோண்டினான்.

மேலே வந்தபோது வலது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. பத்து விரலிலும் நகம் பிய்ந்திருந்தது. அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. தோற்றுப்போனவன் முகம்.

"தாயி, நல்லா யோசிச்சுச் சொல்லு. கடைசியா எங்க பாத்த?"

"கீழதாண்ணே," என்றாள். "கீழதான் போனாக. எத்தன தடவண்ணே கேப்ப? கீழயே பாருண்ணே, ஒன்ன கையெடுத்துக் கும்புடுறேன்."

மீட்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது என்று என்னிடம் ஐந்து விரலைக் காட்டினான். இன்னும் ஐந்து நிமிஷக் காற்று. மூன்றாம் தடவை போனான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரிலிருக்கிற சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது.

வந்தான். கிணற்றின் நடுவில் மிதந்தான். "தட்டுறது நின்னுபோச்சுலே," என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் மேலச்சுவரில் மிச்சமிருந்த கல்கட்டு விரிசல் விட்டது. நான் பதறிப்போய்க் கத்தினேன்.

"ஏலே, மேலச்சுவரு வருதுலே! கீழ வா! கீழ வா!"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தண்ணீர்மேல் மிதக்கிறவனிடம் கீழே வா என்கிறேன். அவன் கண் என் கண்ணிலேயே நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஊரில் கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. கீழத்தெரு, கீழக்காடு, கீழச்சுவர். ஒருத்தர் கிழக்குக் காட்டுக்குப் போயிருந்தால் 'கீழ போயிருக்காக' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நான் தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை. கிணறும் தண்ணீரும் கண்முன்னால் இருந்ததால் எனக்கும் அது ஆழமாகவே கேட்டுவிட்டது. பதினோரு வருஷம் தண்ணீருக்குள் கிடந்தவனுக்கு வேறு எப்படிக் கேட்கும்? அவள் நின்றதும் கீழச்சுவருக்கு மேலே. காலடியைக் காட்டினால் யாருக்கும் ஆழம்தான்.

"தாயி! கெழக்கயா போனான்?" என்று அருஞ்சுனை கத்தினான்.

"அதத்தானேண்ணே அப்ப இருந்து சொல்லுறேன்!"

கீழச்சுவரில் ஒரு பொந்து உண்டு. கோடையில் தண்ணீர் வற்றினால்தான் அதன் வாய் தெரியும். உள்ளே போகப்போக மேலே ஏறும். பள்ளிக்கூட லீவில் பாண்டீஸ்வரன் மட்டும் அதில் போய் உட்கார்ந்து பீடி குடிப்பான். நாங்கள் போனதில்லை, பாம்பு இருக்கும் என்று பயம். அந்தக் கிணற்றில் கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்வேன் என்றவனுக்கு அது ஞாபகமே இல்லை. எனக்கும் இல்லை. சுவர் சரிகிறபோது பாண்டீஸ்வரனுக்கு மட்டும் ஞாபகம் வந்திருக்கிறது.

அருஞ்சுனை கிழக்கே பாய்ந்தான். பின்னால் கல்கட்டு இடிந்து விழுந்தது. அலை கரைவரைக்கும் தெறித்தது. கயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மோட்டாரிலிருந்து பிய்ந்த இரும்புக்குழாய் பொந்தின் வாயில் குறுக்கே சொருகிக் கிடந்ததாம். பாண்டீஸ்வரன் கால் அதில் மாட்டியிருந்தது. சிலிண்டரில் காற்று தீர்ந்தபிறகும் அருஞ்சுனை மூச்சை அடக்கிக்கொண்டு குழாயை நெம்பியிருக்கிறான். கயிறு மூன்று தடவை சுண்டியது. ஐந்து பேர் சேர்ந்து இழுத்தோம். இரண்டு பேரும் வந்தார்கள்.

பாண்டீஸ்வரன் உடம்பு சூடாகத்தான் இருந்தது. அருஞ்சுனை அவன் நெஞ்சை அமுக்கினான், வாயில் ஊதினான், மறுபடி அமுக்கினான். ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்து அவனைப் பிடித்து இழுக்கிறவரைக்கும் விடவில்லை. "சூடா இருக்கான்லே, சூடா இருக்கான்லே," என்று அவர்களையே அடிக்கப் போனான். உள்ளே இருந்த காற்று ஒரு ஆளுக்குக் கொஞ்ச நேரத்துக்குத்தான் காணும் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அருஞ்சுனைக்குச் சொல்லாமலே தெரியும். அது அவன் தொழில்.

முருகேஸ்வரி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். "கீழன்னுதானேண்ணே சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

அவன் வேறு வீடு பார்த்துக்கொண்டான். காது ஒன்று முழுசாகப் போய்விட்டது. ஆனாலும் சுத்துப்பட்டில் எந்தக் கிணற்றில் யார் விழுந்தாலும், பந்தல்குடி வரைக்கும், இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். போனால் உடனே இறங்கமாட்டான். நாலு கரையிலும் போய் நிற்பான். பார்த்தவரைப் பிடித்து, நீங்க எங்க நின்னீக, இப்ப அங்கயே போய் நில்லுங்க என்பான். ஆழத்துலயா, கிழக்கயா, கையை ஆட்டாமல் வாயால் சொல்லுங்க என்பான். ஊர்க்காரர்கள் வழக்கமாக இறங்குகிற பக்கம் எது என்று கேட்டு, வேறு பக்கமாக இறங்குவான். இவனுக்குக் கிறுக்கு முத்திவிட்டது, உயிர் போகிற நேரத்தில் வாய்ப்பாடு கேட்கிறான் என்று பேசுகிறார்கள். சொந்த மச்சினனைத் தேடத் தெரியாதவன் என்றும் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் கீழ என்று சொல்லியே வளர்ந்தவர்கள். அன்றைக்கு என்னோடு கரையில் நின்றவர்களும் அதில் உண்டு.

இந்தத் தை மாதம் முருகேஸ்வரி எனக்கு ஆள் அனுப்பினாள். மழை நின்று மூன்று வாரம், மிளகாய்ச் செடி தலை தொங்கி நின்றது. அந்தக் கிணற்றை ஒரு வருஷமாக யாரும் தொடவில்லை. புது மோட்டார் மாட்டவேண்டும் என்றாள். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அவுக ஸ்பேனரு அந்தப் பொந்துக்குள்ளதான் கெடக்கு. எடுத்துத் தரச் சொல்லுங்க," என்றாள். யாரிடம் சொல்வது என்று நான் கேட்கவில்லை.

அருஞ்சுனை வந்தான். கிழக்குப் பக்கம் இறங்கினான். ரொம்ப நேரம் வரவில்லை. நான் பயந்துபோய்க் கயிற்றைச் சுண்டினேன். பதிலுக்கு ஒரு சுண்டு வந்தது. வந்தவன் கையில் ஸ்பேனர் இருந்தது, துருப்பிடித்து. கரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினான். அவன் அழுதிருப்பது தெரிந்தது.

"எம்புட்டு நேரண்ணே தட்டுனாக?" என்றாள் முருகேஸ்வரி. பதினாலு மாசத்துக்குப் பிறகு அவனிடம் கேட்ட முதல் வார்த்தை அது.

நான் அவனைப் பார்த்தேன். ஏதாவது பொய் சொல்லித் தொலைடா என்றிருந்தது எனக்கு.

"சுவரெல்லாம் வெள்ள வெள்ளையா தடம் இருக்கு தாயி," என்றான். "எண்ண முடியல. நான் மூணாவது தடவ இறங்குற வரைக்கும் தட்டியிருக்கான். மூணு தடவயும் நான் அவனத் தாண்டித்தான் போனேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஸ்பேனரை வாங்கி முந்தானையால் துடைத்தாள். துரு சேலையெல்லாம் ஒட்டியது. துடைத்து முடித்து என் கையில் கொடுத்தாள்.

"மாட்டுங்கண்ணே. செடி வாடுது."

"எந்தப் பக்கம்மா மாட்ட? மேலச்சுவருதான் இல்லையே."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனுக்குக் கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"கிழக்க," என்றாள். "கிழக்குச் சுவர்ல."